கரிசல் கறுப்பாகத்தானே இருக்கிறது, அட்டையில் ஏன் 0.32?

கேள்வி: கோவில்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு 3 ஏக்கர் மானாவாரிக் கரிசல் இருக்கிறது. வீட்டை ஒட்டி அரை ஏக்கர் செவல். அப்பா காலமானதும் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டு வருடமாக நானே பார்க்கிறேன். கரிசலில் மழைக்கு மக்காச்சோளமும் உளுந்தும் போடுகிறோம். மண் வள அட்டையில் கார அமில நிலை 8.3, உப்பின் நிலை 0.3, அங்ககக் கரிமம் 0.32 சதவீதம் என்று வந்திருக்கிறது. உரக்கடையில் காட்டினால் "மண் செத்துப்போச்சு" என்று சொல்லி, ஏக்கருக்கு 5 லிட்டர் ஹியூமிக் அமிலமும் கூடவே ஜிப்சமும் எடுக்கச் சொல்கிறார்கள். மாமாவோ, "கரிசல் இறுகிக் கெடக்கு, நாலு டிப்பர் செம்மண் அடிச்சாப் பொலபொலன்னு ஆயிரும்" என்கிறார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், "மண்ணில் 45 பங்கு தாது, 25 தண்ணீர், 25 காற்று, 5 மக்கு என்று படித்தேன். நம்ம கரிசல் இவ்வளவு கறுப்பா இருக்கே, அட்டையில் ஏன் 0.32?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மண் உண்மையில் எதனால் ஆனது? நான் எதில் பணம் போடுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மகள் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டால் கடைக்காரருக்கும் மாமாவுக்கும் பதில் தானாக வந்துவிடும். மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். கரிசல்காட்டுச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், அத்தனை பேரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: "இம்புட்டுக் கறுப்பா இருக்கு, சத்து இல்லைன்னு எழுதிட்டீங்களே?"

கரிமத்தை எப்படி அளக்கிறோம் என்று முதலில் சொல்கிறேன். சலித்த மண்ணை ஒரு கண்ணாடிக் குடுவையில் இட்டு, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலை ஊற்றி, அடர் கந்தக அமிலத்தைச் சேர்ப்போம். குடுவை கை தாங்காத சூடாகும். அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள மக்கு, அதாவது மட்கிப்போன இலைதழையும் வேரும், எரிந்துபோகும். டைகுரோமேட் நல்ல ஆரஞ்சு நிறம். மக்கு எவ்வளவு எரிகிறதோ அவ்வளவுக்கு அது பச்சைக்குத் திரும்பும். வாக்லி, பிளாக் என்ற இருவர் 1934இல் எழுதிவைத்த முறை இது; இன்றும் இதைத்தான் செய்கிறோம். கொடைக்கானல் மேல்மலையிலிருந்து வரும் மண்ணைப் போட்டால் கண்ணெதிரே பச்சையாகிவிடும். கரிசலைப் போட்டால், மண் அடியில் தங்கித் தெளிந்த பிறகும் மேலே ஆரஞ்சு அப்படியே நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே நம்பாமல் இரண்டாம் தடவை செய்து பார்த்திருக்கிறேன்.

கரிசலின் கறுப்புக்கு மக்கு நிறைய வேண்டியதில்லை. கொஞ்ச மக்குதான், ஆனால் களித் துகள்களோடு இறுகப் பிணைந்து அவற்றின் மேல் பூச்சாகப் படிந்திருக்கிறது. ஒரு சிட்டிகைக் கண்மை முகம் முழுக்க அப்பிக்கொள்கிற மாதிரி. சில இடங்களில் கருநிறத் தாதுக்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே நிறத்தை வைத்துச் சத்தை எடைபோட முடியாது. உங்கள் செவலின் சிவப்பும் இதேபோல் ஒரு மெல்லிய பூச்சுதான். அது இரும்பு ஆக்சைடு, துரு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 45, 25, 25, 5. அது கன அளவுக் கணக்கு, அதுவும் நன்றாகப் பேணிய ஒரு தோட்ட மண்ணுக்குச் சொல்கிற கணக்கு. அட்டையில் இருப்பது எடைக் கணக்கு, அதிலும் மக்கிலுள்ள கரிமத்தின் எடை மட்டும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. கரிமத்தை 1.724ஆல் பெருக்கினால் மக்கு கிடைக்கும்: 0.32 என்பது சுமார் 0.55 சதவீத மக்கு. நிலத்தில் குலையாமல் ஒரு லிட்டர் மண் எடுத்துக் காயவைத்தால் சுமார் 1.3 கிலோ நிற்கும். அதில் 0.55 சதவீதம் என்றால் 7 கிராம். ஒரு தேக்கரண்டி. ஒரு லிட்டர் மண்ணுக்கு ஒரு தேக்கரண்டி மக்கு, அவ்வளவுதான் உங்கள் கரிசலில் இருக்கிறது. புத்தகம் சொல்லும் 5 பங்குக்குப் பத்துத் தேக்கரண்டி வேண்டும். நம் வெயிலில் அந்த அளவு யார் நிலத்திலும் நிற்காது. மானாவாரிக் கரிசலில் 0.75 சதவீதக் கரிமத்தைத் தொட்டாலே "அதிகம்" என்று அட்டை அடித்துக் கொடுப்போம். 0.5க்குக் கீழே "குறைவு". நீங்கள் குறைவில் இருக்கிறீர்கள். அக்கம்பக்கத்து நிலங்களில் பெரும்பாலானவையும் அங்கேதான் இருக்கின்றன. செத்த மண் என்று சொல்வது தவறு. முதல் மழைக்கு உங்கள் காட்டில் மண்வாசனை வருகிறதா? வரும். அந்த வாசனை மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. ஒரு கிராம் மண்ணில் அப்படிக் கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன.

காற்றும் தண்ணீரும் சேர்ந்து மண்ணில் பாதி என்பதை மகள் நம்பத் தயங்குவாள். அவளுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இடைவெளியே இல்லாத கெட்டிக் கல்லாக எடுத்தால் ஒரு லிட்டர் தாது சுமார் 2.65 கிலோ இருக்கும். மண்ணோ 1.3 கிலோதான். மீதி இடம் வெற்றிடம், மழை பெய்தால் தண்ணீரும் வடிந்தால் காற்றும் மாறி மாறிக் குடியிருக்கிற இடம். வேரும் மண்புழுவும் வாழ்வது அங்கேதான். அதே ஒரு லிட்டர் 1.6 கிலோ நின்றால், கல் கூடிவிட்டது என்று பொருளில்லை, பாதி இருந்த வெற்றிடம் 40 சதவீதத்துக்குச் சுருங்கிவிட்டது என்று பொருள். மாமா "இறுகிக் கெடக்கு" என்பது இதைத்தான். அவர் நோயைச் சரியாகவே பார்த்திருக்கிறார். மருந்துதான் பொருந்தாது. ஏன் என்று சொல்ல, மீதிப் பாதியான தாதுவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

தாது என்பது பாறை பொடிந்து வந்தது. இதில் பள்ளியில் ஒரு குழப்பம் வரும்: கரிசல் எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அது தக்காணத்துக் கரிசல், மகாராஷ்டிரப் பக்கம். நம் தென்மாவட்டக் கரிசல் இரும்புச்சத்துள்ள நைஸ், சிஸ்ட் பாறைகள் மழை குறைந்த தட்பவெப்பத்தில் சிதைந்து உண்டானது. ஒரு அங்குலம் மண் உருவாக நூற்றுக்கணக்கான வருடங்கள் ஆகும்.

பொடிந்ததில் மூன்று அளவுகள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது மணல். அடுத்தது தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாமல், முகப்பவுடர் போல விரலில் வழுக்குவது; வண்டல் துகள் என்று பெயர். ஆற்று வண்டல், கண்மாய் வண்டல் என்று நாம் சொல்வது வேறு, அதில் மூன்றும் கலந்திருக்கும். கடைசியில் களி. 2 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராது.

இதை எழுத்தில் படிப்பதைவிட நீங்களும் மகளும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் மூன்றிலொரு பங்கு கரிசல், இன்னொன்றில் அதே அளவு செவல், இரண்டையும் பொடித்து வேர் தூசி நீக்கிப் போடுங்கள். நிறையத் தண்ணீர், அரைத் தேக்கரண்டி துணி சோப்புத்தூள். ஐந்து நிமிடம் விடாமல் குலுக்கி, திண்ணையில் அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். கரிசல் பாட்டிலில் அதோடு வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்களும் (சுண்ணாம்புக் கட்டிகள்) கிடக்கும். பாட்டிலின் வெளியே பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த கோடு, அது வண்டல் துகள். பிறகு காத்திருக்க வேண்டும். செவல் பாட்டில் பெரும்பாலும் மறுநாளே தெளிந்துவிடும். கரிசல் பாட்டில் இரண்டு நாளானாலும் மைக்கூடு மாதிரி இருக்கலாம். அந்த மை தான் களி. மேலே மிதக்கும் நார், இலைத் துணுக்கு எல்லாம் அங்ககப் பொருள். அது எவ்வளவு சொற்பம் என்றும் பார்த்துக்கொள்வாள். (களி நீரில் ஊதிப் படிவதால் பாட்டிலில் தெரியும் உயரம் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.)

இந்தக் களிதான் கரிசலின் உயிர்நாடி. மான்ட்மோரில்லோனைட் வகைக் களி அது. கட்டாக அடுக்கிய அப்பளம்போல மெல்லிய தகடுகள். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் நுழையும், கட்டு ஊதும். காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் உங்கள் காடு பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் முழங்கை வரை போகிறதே, அதற்குக் காரணம் இதுதான். மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து விழும், மழை வந்ததும் ஊதி மேலெழும். வருடா வருடம் கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்கிறது.

இந்தத் தகடுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? ஒரு கிராம் களிக்குச் சுமார் 800 சதுர மீட்டர் வரை. நம் கணக்கில் 20 சென்ட். ஒரு சிட்டிகைக்குள் 20 சென்ட் நிலம் மடித்து வைத்திருக்கிறது. இவ்வளவு பரப்பிலும் சுண்ணச்சத்து, மெக்னீசியம், சாம்பல் சத்து, அமோனியம் எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஈரமும் நிற்கும். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மார்கழியில் மழை நின்ற பிறகும் பயிர் விளைகிறது என்றால் இந்தச் சேமிப்பில்தான். செவலில் இருப்பது பெரும்பாலும் கயோலினைட் வகைக் களி. அதன் தகடுகள் பிரியாது, தண்ணீர் உள்ளே போகாது. ஒரு கிராமுக்கு அரை சென்ட்டைத் தாண்டாது. அதனால்தான் செவல் மழை பெய்த மறுநாளே உழவுக்குப் பதமாகிவிடும், பத்து நாள் மழை இல்லாவிட்டால் பயிரும் வாடும்.

இப்போது மாமாவின் நாலு டிப்பருக்கு வருவோம். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்துக்கு உள்ள மண் 8 முதல் 9 லட்சம் கிலோ. 3 ஏக்கருக்கு 25 லட்சம் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்பருக்கு 10 டன் என்றால் நாலு டிப்பரில் 40,000 கிலோ. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பரப்பினால் 2 மில்லிமீட்டர் கனம், ஓர் உழவில் காணாமல் போகும். கரிசலில் பாதி களி என்றால் அதை 35 சதவீதத்துக்குக் குறைக்கவே ஏக்கருக்கு 350 டன் மணல் அடிக்க வேண்டும். எந்தச் சம்சாரிக்கும் கட்டாது. கட்டினாலும் நான் வேண்டாம் என்பேன்: ஈரத்தைப் பிடித்து மானாவாரியைக் காப்பாற்றுகிற ஒரே பொருளை நாமே காசு கொடுத்துக் கரைப்பதாகும்.

மாமாவின் யோசனையைத் திருப்பிப் போட்டால் அது அருமையான யோசனை. களி போக வேண்டியது செவலுக்கு. ஊர்க் கண்மாய் வற்றியிருக்கும்போது அடியில் படிந்த களிமண்ணை, அதாவது கரம்பையை, எடுத்து அந்த அரை ஏக்கரில் 20 டிராக்டர் அடியுங்கள். அங்கே மேல்மண் நாலு லட்சம் கிலோவுக்குச் சற்று மேல்; 20 டிராக்டர் கரம்பை என்பது 70, 80 டன். ஆறில் ஒரு பங்கு கரம்பையாகிவிடும், ஈரம் நிற்கும் நாட்கள் கூடும். தாசில்தார் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். எடுக்கும் முன் ஒரு கைப்பிடியைப் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பின் நிலையைப் பார்த்துவிடுங்கள். சில கண்மாய்களில் உப்பு ஏறிக் கிடக்கும்.

ஜிப்சம் இப்போதைக்கு வேண்டாம். 8.3 என்ற எண்ணைக் கண்டு பயப்படாதீர்கள். சுண்ணாம்பு கலந்த மண் எதை அளந்தாலும் 8.2, 8.3 பக்கம்தான் காட்டும். பாட்டிலில் கிடைத்த சுக்கான் கல்லைப் பொடித்து இரண்டு சொட்டு வினிகர் விட்டால் குமிழ் விட்டு நுரைக்கும். அந்தச் சுண்ணாம்புதான் அட்டையில் 8.3 ஆக வந்து நிற்கிறது. ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. கார அமில நிலை 8.5ஐத் தாண்டி, களியில் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் களர். மழைத் தண்ணீர் நாள்கணக்கில் பால் கலங்கலாகத் தேங்கி நின்றால் மட்டும் சோடியத்தைத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் உப்பின் நிலை 0.3, அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஹியூமிக் அமிலம் மக்கின் ஒரு கூறுதான். 5 லிட்டர், 12 சதவீதச் சரக்கு என்றால் உள்ளே இருப்பது 600 கிராம். உங்கள் ஏக்கரில் ஏற்கெனவே இருக்கிற மக்கு சுமார் 4,700 கிலோ. அந்த 600 கிராம் இளம் பயிரின் வேருக்கு ஓரளவு தெம்பு கொடுக்கலாம், அட்டையிலுள்ள 0.32ஐ அசைக்காது. அந்தப் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

அப்படியானால் 0.32ஐ எது அசைக்கும்? ஒரு பழைய சோதனை ஞாபகம் வருகிறது, மகளுக்குப் பிடிக்கும். இன்றைய பெல்ஜியத்தில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு வில்லோக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணைக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது 2 அவுன்ஸ்தான். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சானது. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் எண்ணினார். பாதி உண்மை, மரத்தின் கரிமம் காற்றிலிருந்து வருகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. நமக்கு இதில் கிடைக்கும் சேதி பெரிது. நிலத்துக்கு வேண்டிய கரிமத்தைக் காற்றிலிருந்து இலவசமாகப் பிடித்துத் தருவது உங்கள் மக்காச்சோளமேதான். அறுத்த பிறகு தட்டையைக் கொளுத்துகிறீர்களா? கொளுத்தினால் பிடித்ததையெல்லாம் திரும்பக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறீர்கள். மாட்டுக்குப் போக மிஞ்சியதை டிராக்டர் கருவி வைத்துத் துண்டாக்கிக் கோடை உழவில் உள்ளே தள்ளுங்கள். வேரும் கட்டையும் நிலத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, ஆட்டுக் கிடை. உங்கள் பக்கம் அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தையோடு கீதாரிகள் வருவார்கள்; முன்பே பேசிவைத்துக் கிடை போடச் சொல்லுங்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக நிலத்தில் விழும், வண்டிக்கூலி கிடையாது. போட்ட சில நாட்களிலேயே மேலோட்டமாக ஓர் உழவு ஓட்டிவிடுங்கள், தழைச்சத்து காற்றில் போகாது. தொழுவுரம் கிடைத்தால் ஏக்கருக்கு 5 டன். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். மானாவாரிக் கரிசலில் ஒரே ஒரு பருவ மழையை நம்பியிருக்கும்போது அதற்கு எல்லா வருடமும் இடம் கிடைக்காது. உளுந்தை விடாமல் போடுகிறீர்கள், அது போதும். செவலில் வேண்டுமானால் கொளுஞ்சி விதைத்துவிடுங்கள், கோடையைத் தாங்கும்.

வேகத்தை மட்டும் மிகையாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 5 டன் தொழுவுரத்தில் பாதி ஈரம். மீதியில் கரிமம் 750 கிலோ அளவு. நம் சூட்டில் அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் ஓரிரு வருடத்துக்குள் தின்று காற்றுக்கு அனுப்பிவிடும். நிலைத்து நிற்பது 100, 150 கிலோ. 0.32ஐ 0.5 ஆக்க ஏக்கருக்கு 1,500 கிலோ கரிமம் நிலைக்க வேண்டும். பத்து வருட வேலை, தம்பி. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909இலிருந்து ஒரே நிலத்தில் ஒரே மாதிரி உரமிட்டு வரும் நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. தொழுவுரம் தொடர்ந்து இட்ட பாத்திகளில்தான் கரிமம் ஏறி நிற்கிறது; விட்டு விட்டு இட்டால் கிடைக்காது. ஆனால் அட்டையில் எண் நகர்வதற்கு முன்பே நிலத்தில் மாற்றம் தெரியும். மூன்றாம் நான்காம் வருடத்தில் மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கும், கட்டியை உடைத்தால் உள்ளே புழுத் துளை இருக்கும்.

இறுக்கத்துக்கு உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு, காசே ஆகாது. மழை விட்டதும் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறதே என்று ஈரத்தில் ஓட்டாதீர்கள். ஈரக் கரிசலில் டயர் ஏறினால் அந்த வெற்றிடம் நசுங்கிப் பிசைந்த மாவாகிவிடும். அரை அடி ஆழத்திலிருந்து கொஞ்சம் மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். சேமியா மாதிரி நூலாக நீண்டால் இன்னும் பதம் வரவில்லை, இரண்டு நாள் பொறுங்கள். நீளாமல் துண்டு துண்டாக உதிர்ந்தால் ஏர் இறக்கலாம்.

ஒரு சந்தேகம். பரிசோதனைக்கு மண் எடுத்தபோது கரிசலையும் செவலையும் ஒன்றாகக் கலந்து கொடுத்துவிட்டீர்களா? கலந்திருந்தால் அட்டையிலுள்ள எண்கள் இரண்டு நிலத்துக்குமே பொருந்தாது. அடுத்த முறை கோடையில், விதைப்புக்கு முன், தனித்தனியாக எடுங்கள். வரப்பு, மரத்தடி, எருக்குழிப் பக்கம் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரை அடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவிச் சேர்த்து, கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்புங்கள்.

அட்டையில் துத்தநாகத்துக்கு என்ன போட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சுண்ணாம்புக் கரிசலில் துத்தநாகமும் இரும்பும் இருந்தும் பயிருக்கு எட்டாமல் போவது வழக்கம். மக்காச்சோளத்தின் இளம் இலையில் நடுநரம்புக்கு இரு பக்கமும் வெள்ளைப் பட்டை விழுந்திருந்தால் அதுதான். "குறைவு" என்றிருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை, டிஏபி உரத்தோடு கலக்காமல், மணலோடு கலந்து விதைப்புக்கு முன் தூவுங்கள். அந்த எண்ணையும், முடிந்தால் இரண்டு பாட்டில்களிலும் மகள் போட்ட கோடுகளின் உயரத்தையும் அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.